தனகோடி போட்ட பிடியரிசி

1

போன வாரம் வெள்ளிக்கிழமை ஒரு பலகையை எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சரிதான். ஆனால் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை, வீட்டில் யாரிடமும் நல்ல முகம் காட்டவில்லை. "ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் கை தேய்ந்தா போயிருக்கும்?" என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் ராயபுரத்துக்காரர்கள். உங்களில் சிலராவது அந்தக் கொட்டாயில் கஞ்சி குடித்திருப்பீர்கள்.

பினாங்கில் எங்கள் தெருக் கோவிலின் பின்கூடத்தில் வாரத்தில் ஒரு நாள் அரிசி, பருப்பு, பால்மாவு, கருவாடு எல்லாம் பங்கிட்டுக் கொடுக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் சீட்டுக் கிழிந்து வேலை போனவர்கள் வருகிறார்கள். யுத்தத்தில் ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராதவர்களின் பெண்டாட்டிகள் வருகிறார்கள். கடைக்காரர்கள் மூட்டை கொடுக்கிறார்கள், சீனர் ஒருவர் லாரி கொடுக்கிறார், நாங்கள் சில பெண்கள் அளந்து கட்டுகிறோம். எங்களில் பாக்கியம் என்று ஒருத்தி. தோட்டத்தில் பால் வெட்டியவள். அவள் புருஷனும் சயாமுக்குப் போனவன்தான். பங்கீடு முடிந்ததும் கூடத்தைக் கூட்டுவது அவள் வேலை. கீழே சிந்திய அரிசியைக் கூட்டி அள்ளி, முறத்தில் புடைத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொன்னதில்லை.

இப்போது யாரோ சொல்லிவிட்டார்கள். கமிட்டிச் செயலாளர் பலகையோடு வந்தார். மேலே இங்கிலீஷ், அதற்குக் கீழே மலாய், அதற்கும் கீழே தமிழுக்கு இடம் விட்டிருந்தது. எப்போதும் நமக்குக் கடைசி வரிசைதான்.

"புகார் வந்திருக்கிறது அம்மா. 'தொண்டர்கள் இங்கிருந்து எந்தப் பொருளையும் எடுத்துச் செல்லக் கூடாது.' அவ்வளவுதான் எழுத வேண்டும். உங்கள் எழுத்து முத்து முத்தாக இருக்குமே!"

"எழுத மாட்டேன்."

"ஏன் அம்மா?"

கோபம் வந்தால் எனக்கு ராயபுரம் வந்துவிடும். "எங்க ஊர்ல இத்தயே சட்டமா போட்டுகினு ஒருத்தி செத்தா. அதான்" என்றேன். பக்கத்தில் நின்ற தஞ்சாவூர்க்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இங்கே தமிழர்களுக்குள்ளேயே என் பேச்சு ஒரு வேடிக்கை.

செயலாளர் சிரிக்கவில்லை. "அது உங்கள் ஊர்க் கதை. இது நிர்வாகம்" என்று சொல்லிவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு போனார்.

2

பிடியரிசி என்றால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் யாராவது தப்பித் தவறி இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போட அரிசி அளந்தபிறகு, அதிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கலயத்தில் போட வேண்டும். அது ஊருக்கு. நாள் தவறக்கூடாது. வீட்டில் யாருக்கும் அந்த ஒரு பிடி குறைந்தது தெரியாது என்பார்கள். ரேஷன் வந்தபிறகு எல்லோருக்கும் தெரிந்தது.

குண்டு விழப்போகிறது என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, ஓடிப்போக வேறு ஊர் இல்லாதவர்கள்தான் ராயபுரத்தில் மிஞ்சினோம். துறைமுகத்தில் கப்பல் வருவது குறைந்துபோனது. மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் போய் வாசலில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அப்போதுதான் காதர் பாய் தன் விறகுத் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டாய் போட்டுக் கொடுத்தார். விறகு அவருடையது, அண்டா பள்ளிவாசலில் இரவல், அரிசி தெருவுடையது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை எண்ணிக் கணக்கெழுதுகிற டாலி குமாஸ்தா. அம்மா இல்லை. எனக்குக் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே என்று என்னை இழுத்துக்கொண்டு போனவள் தனகோடி. பல குடும்பங்கள் ஒண்டியிருந்த ஒரே ஸ்டோரில் எதிரும் புதிருமாகக் குடித்தனம். அவளுக்கு என் வயசுதான், ஆனால் அதற்குள் கல்யாணமாகி வள்ளி என்று ஒரு பெண் குழந்தை. புருஷன் கப்பலில் மூட்டை இறக்குகிற கூலி. பெயர்தான் தனமும் கோடியும். அதைச் சொல்லி நான் கிண்டல் செய்வேன். "எங்க நைனா ஆசைக்கு வெச்சாரு. நீ இன்னாத்துக்கு வயிறு எரியுற?" என்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் கோணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். கலயத்தின் மேல் துணி மூடியிருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கக்கூடாது. அப்படியே கோணிக்குள் கவிழ்த்துவிட வேண்டும். பெரிய வீட்டுக் கலயமும் குடிசைக் கலயமும் ஒரே கோணிக்குள் போகும். புழுங்கல், பச்சை, சிவப்பு, நொய், ரேஷன் கடையின் மக்கல் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதை வைத்துச் சோறு வடிக்க முடியாது. ஒன்று குழைந்தால் ஒன்று வேகாது. அதனால்தான் கஞ்சி. கஞ்சியில் எல்லா அரிசியும் கடைசியில் ஒன்றாகிவிடும்.

கல் பொறுக்கும்போது தனகோடி ஓயாமல் பேசுவாள். யார் வீட்டு மாமியார் எந்த மருமகளை எப்படித் திட்டினாள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. சிரித்துச் சிரித்துப் பொறுக்கின கல்லையே மறுபடி அரிசியில் போட்டிருக்கிறேன். யுத்த காலம்தான், பஞ்ச காலம்தான். ஆனாலும் என் ஆயுளில் அந்த அளவுக்கு நான் பிறகு சிரிக்கவில்லை.

3

அந்தச் சட்டத்தைக் காதர் பாய் போடவில்லை, நானும் போடவில்லை. தனகோடிதான் போட்டாள்.

குழாயடியில் ஆரம்பித்தது. குடம் வைக்கிற சண்டையில் ஒருத்தி வாய் தவறியோ தவறாமலோ சொல்லிவிட்டாள்: "உனுக்கு இன்னாம்மே? கொட்டாய்ல குந்திகினு கீறவங்க வூட்லதான் இப்ப ஒல கொதிக்குது!"

தனகோடி குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. கஞ்சிக்கு வரிசை நிற்கிற நேரம், தெருவே கூடியிருந்தது. அவள் ஒரு முறத்தில் அரிசியைக் கொட்டி, அதன்மேல் வெற்றிலை வைத்து, கற்பூரம் ஏற்றினாள். வள்ளியை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, அது தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள்.

"இந்தக் கொட்டாய் அரிசியில ஒரு மணி என் வூட்டு ஒலையில வுழுந்தா, என் கொயந்த எனுக்கு இல்ல!"

குழந்தை பயந்து அழுதது. பிறகு அவள் எங்களைப் பார்த்தாள். என்ன செய்வது? நானும் கற்பூரம் அடித்தேன். எங்களோடு கஞ்சி காய்ச்சுகிற கோவில் தெரு மேரி, மாதா பேரில் சத்தியம் செய்தாள். காதர் பாய் வானத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். அன்றையிலிருந்து கொட்டாயில் கை வைக்கிறவர்கள் வீட்டுக்கு ஒரு மணி அரிசி போகாது என்பது ஊரறிந்த சங்கதி ஆயிற்று. கலயங்களும் கொஞ்சம் கனத்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் தெரு கொடுத்தது.

அதற்குப் பிறகு அவள் வீட்டுக் கலயம்தான் தினமும் முதலில் வரும். நாங்கள் போய் வாங்குவதற்குள் அவளே கொண்டுவந்து எல்லோர் எதிரிலும் கவிழ்ப்பாள்.

4

யுத்தம் முடிந்தது. ரேஷன் முடியவில்லை. கப்பல்கள் மறுபடி வர ஆரம்பித்தபோது தனகோடியின் புருஷன் சாரத்திலிருந்து விழுந்தான். இடுப்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்கார முடிந்தது. மேஸ்திரி, அன்றைக்கு அவன் பெயர் ஆள் கணக்கிலேயே இல்லை என்று கையை விரித்துவிட்டான். என் அப்பா எங்கெங்கோ போய்ச் சொல்லிப் பார்த்தார். பேர் இல்லாதவன் விழவே இல்லை என்றுதான் பதில் வந்தது.

அப்புறம் அவள் வீட்டு அடுப்பு தினமும் எரியவில்லை. எதிர்க் குடித்தனத்துக்குப் புகை தெரியாமல் போகுமா? ஆனால் காலையில் முதல் ஆளாகக் கொட்டாய்க்கு வருவாள். உட்கார்ந்து மூட்டை மூட்டையாக அரிசி புடைப்பாள். அண்டாவில் கஞ்சி கொதிக்கிற வாசனையில் எனக்கே பசிக்கும். அவள் துடுப்பைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பாள். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. கன்னத்து எலும்பு தெரிந்தது. வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

வள்ளியை நான் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டேன். அதற்கு அவள் தடை சொல்லவில்லை. எங்கள் வீட்டு உலை வேறு, கொட்டாய் உலை வேறு. நோன்பு மாதத்தில் புருஷனுக்குக் காதர் பாய் மூலமாக நோன்புக் கஞ்சி போகும். அது பள்ளிவாசல் கஞ்சி, அதற்கும் சத்தியம் இல்லை. அந்தப் பாத்திரத்தில் மிச்சம் இருந்தால் இவள் வழித்து உண்பாள். ரேஷனும் அப்பா சம்பளமும் எங்களையே இறுக்கிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கும் சேர்த்து எங்கள் வீட்டில் வடிக்கிறேன் என்றால், "உங்க வூட்டு சீட்டுல எத்தினி பேரு கீறாங்கன்னு எனுக்குத் தெரியாதா?" என்று எழுந்து போய்விடுவாள்.

ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டேன். "நீ இன்னா மனுஷியா, மரமா? தெருவே இந்தக் கஞ்சியக் குடிக்குது. நீ ஒரு கிண்ணம் குடிச்சா குடி முழுகிடுமா?"

"கொயந்த தலையில அடிச்சிகீறேன் லோகு."

"அம்மனாண்ட போயி முடிப்பு முடிஞ்சு வெச்சுட்டு வருவோம். மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வெச்சா சத்தியம் மீண்டுடும். பூசாரியே சொல்றாரு."

அவள் புடைப்பதை நிறுத்தினாள். "அம்மன் மன்னிப்பா. தெரு மன்னிக்குமா? நான் ஒரு வாய் குடிச்சேன்னு வெய்யி, நாளைக்கு எவ வூட்லயாவது கலயத்துல கை வெப்பாளா? இத்தினி பேரு வாயில மண்ணு வுழும்."

அவள் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பொய்யாக இருந்தால் இரண்டு அறை வைத்துக் குடிக்க வைத்திருப்பேன்.

காதர் பாய் வேறு வழி பார்த்தார். பெருநாள் முடிந்ததும் தன் சொந்தக் காசில் மண்டியில் நல்ல பச்சரிசி வாங்கி, நேர்ச்சை என்று சொல்லி அவள் வீட்டுக்கு ஒரு பை அனுப்பினார். கொட்டாய் அரிசி இல்லை, பிடியரிசி இல்லை, மறுக்க ஒரு காரணமும் இல்லை. அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். எங்களுக்குப் பெரிய நிம்மதி. பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா லோகு, நம்ம மூளையும் வேல செய்யுது" என்றார்.

மறுநாள் காலை முதல் ஆளாக அவள் வந்தாள். கலயம் இல்லை, பை இருந்தது. எல்லோர் எதிரிலும் கோணிக்குள் கவிழ்த்தாள். ரேஷன் மக்கலுக்கு நடுவில் அந்த வெள்ளைப் பச்சரிசி தனியாகத் தெரிந்தது. பாய்க்கும் தெரிந்தது.

"இன்னாம்மா இது?" என்றார்.

"நடுவுல நெறய நாளு பிடியரிசி வுட்டுப்போச்சு பாய். அத்தக் கட்டிப்புட்டேன். இனிமே பாக்கி இல்ல."

அவள் முகத்தில் அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான். நாங்கள் கொடுத்ததை எங்களுக்கே பிடியரிசியாகப் போட்டுவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாய் விறகுத் தொட்டிக்குப் போய்விட்டார். அன்றைக்குக் கஞ்சி ரொம்ப நன்றாக இருக்கிறது என்று வரிசையில் எல்லோரும் சொன்னார்கள்.

5

எனக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குப் பினாங்கில் தகரக் கிடங்கில் கணக்கு வேலை. கப்பலேறுகிற அன்றைக்குத் துறைமுக வாசல்வரை தனகோடி வந்தாள். வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது. கையில் வாழை இலையில் கட்டிய ஒரு பொட்டலம். புளிச்சோறு.

"கப்பல்ல எவன் எவன் கையால துன்னணுமோ. ஒரு வேளைக்காவது நம்ம வூட்டுச் சோறு துன்னு."

"ஏண்டி, இதுக்கு ஏது அரிசி?"

"ரேஷன்தான். கொட்டாய்து இல்ல, பயப்படாத" என்று சிரித்தாள்.

அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். கப்பலில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அது அவர்கள் வீட்டு எத்தனை பேருடைய, எத்தனை வேளையின் சோறு என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்கக் கரை இல்லை. கடலில் போடக் கை வரவில்லை. அழுதுகொண்டே தின்றேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

6

இங்கே வந்து குடியும் குடித்தனமுமாக இருக்கிறேன். குறை சொன்னால் நாக்கு அழுகும். அரிசி இருக்கிறது. என் மகள் சாந்தாவுக்குப் பசித்தால் "நாசி" என்பாள். மலாயில் சோறு. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் மலாய், எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு சீனம். தமிழ் என்னைச் சமாதானப்படுத்த மட்டும். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போவாள். ஆரம்பத்தில் கத்துவேன். இப்போது அந்த மீதியை நானே தின்றுவிடுகிறேன். அதனால்தான் உடம்பு இப்படிப் பெருத்துவிட்டது என்கிறார் இவர்.

சாந்தா என் வயிற்றில் இருந்தபோது மாணிக்கம் வந்தான். கோவில் தெருவில் மேரி வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரன். கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை. கப்பல் பினாங்கைத் தொட்டதும் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான், கையில் காசிமேட்டுக் கருவாட்டோடு. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தேன். ஊர் சங்கதியெல்லாம் கேட்டேன். அவன் என் வயிற்றைப் பார்த்துவிட்டு எதையோ சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தனகோடி எப்படிடா கீறா?"

"பூட்டாங்கக்கா."

காய்ச்சல் என்றான். பெரிய காய்ச்சல்கூட இல்லையாம். தெருவில் எல்லோருக்கும் வந்து போன காய்ச்சல். "ஒடம்புல தாங்குறதுக்கு இன்னா இருந்துச்சு?" என்றான். முதல் நாள்வரை கொட்டாய்க்கு வந்து துடுப்புப் போட்டிருக்கிறாள்.

அப்புறம் அவன் சொன்னதை அவன் பேச்சிலேயே எழுதுகிறேன். என் தமிழில் எழுத எனக்குத் தெம்பில்லை.

"வூட்ல வாய்க்கரிசி போட ஒரு மணி அரிசி இல்லக்கா. அந்தாளு சாஞ்சிகினு உத்திரத்தப் பாத்துகினு கெடக்குறான். பாய்தான் கொட்டாய்லேர்ந்து மொறம் நெறய அரிசி அள்ளிகினு வந்தாரு. அப்ப குழாயாண்ட சண்ட போட்டாளே, அந்தப் பொம்பளதான் கேட்டா, 'சத்தியம் பண்ணிகீறாளே பாய், இந்த அரிசியப் போடலாமா'ன்னு. பாய் அழுதுகினே சொன்னாரு: 'ஒலையில வுழக்கூடாதுன்னுதான் அவ சொன்னா. வாயில வுழக்கூடாதுன்னு சொல்லல'ன்னு. அப்பறம் தெருவே வரிசையில நின்னுச்சுக்கா. கஞ்சிக்கு நிக்கிற மாதிரி. ஆளுக்கு ஒரு பிடி எடுத்து வாயில போட்டாங்க. வாய் நெறஞ்சு, கயுத்தெல்லாம் வயிஞ்சுது. அந்தப் பொம்பளயும் போட்டா. போட்டுட்டு நெஞ்சுல அடிச்சிகினா. 'ஒரு மணி எடுக்காத உத்தமி'ன்னு எல்லாரும் சொன்னாங்க."

உலையில் விழக்கூடாது, வாயில் விழலாம். இந்த விளக்கம் அவள் உயிரோடு இருந்தபோது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாய்க்குத் தோன்றவில்லை, பூசாரிக்குத் தோன்றவில்லை, பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று இவர் சொல்கிறார். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார். எனக்கு ஆறவில்லை.

வள்ளியை நெட்டுக்குப்பத்தில் அத்தை வீட்டில் விட்டிருப்பதாக மாணிக்கம் சொன்னான். நான் அவளை இங்கே வரவழைக்கப் பார்த்தேன். குடிநுழைவு ஆபீசில் முதல் கேள்வி, "அந்தப் பெண் உங்களுக்கு என்ன உறவு?" தோஸ்தோட பொண்ணு என்று எந்த பாஷையில் சொல்வது? மகளா? இல்லை. தங்கையா? இல்லை. தத்தெடுத்த காகிதம் உண்டா? இல்லை. ஆபீசர் நல்ல மனுஷன்தான். அவருடைய மேசையில் அந்த உறவுக்கு இடம் இல்லை. மறுபடி மறுபடி போனேன். பிறகு சட்டம் இன்னும் இறுகியது. வள்ளி இப்போது முகத்துவாரத்தில் கருவாடு காயப்போடுகிறாளாம். சாந்தாவிடம் அவளைப் பற்றிச் சொன்னால், "யார் அது?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுகிறாள்.

7

பலகைக்கு வருகிறேன்.

நான் மாட்டேன் என்றதும் செயலாளர் நிற்கவில்லை. அவர் மகள் சாந்தாவோடு ஒரே வகுப்பு. திங்கட்கிழமை சாந்தா விரலெல்லாம் வெள்ளைப் பெயிண்டோடு வீட்டுக்கு வந்தாள். "அம்மா, நான் தமிழ் எழுதினேன்! கோவில் போர்டுக்கு! அங்கிள் சொல்லச் சொல்ல எழுதினேன். நல்லா இருக்குன்னு சொன்னார்" என்று குதித்தாள். தமிழ் எழுது எழுது என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் ஒரு வரி எழுதாத பெண். அவளை என்னவென்று திட்டுவது? மண்ணெண்ணெய் தொட்டு விரலைத் துடைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பலகை கூடத்துச் சுவரில் தொங்கியது. பாக்கியத்துக்குப் படிக்கத் தெரியாது. கூட்டுகிற விளக்குமாற்றோடு அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னங்க எழுதியிருக்கு?"

"காலைக் கழுவிட்டு உள்ளே வரணும்னு எழுதியிருக்கு" என்றேன்.

சாந்தா பள்ளிக்கூடம் விட்டு அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். "இல்லம்மா, தப்பு!" என்றாள். ஓடிப்போய்ப் பலகைக்குக் கீழே நின்று, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி கணீரென்று படித்தாள். தான் எழுதியது ஆயிற்றே. தொண்டர்கள். இங்கிருந்து. எந்தப் பொருளையும். படித்து முடித்துவிட்டு என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தத் தஞ்சாவூர்க்கார அம்மாள், "பரவாயில்லையே, தமிழ் நல்லா வருதே" என்றாள்.

பாக்கியம் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். கூட்டி அள்ளி வைத்திருந்த அரிசியை முறத்தோடு கொண்டுபோய் மூட்டையில் கொட்டினாள். முந்தானையை உதறிக் காட்டினாள், யாரும் கேட்காமலே. "நமக்கு எதுக்குங்க பொல்லாப்பு" என்று சிரித்தாள்.

"பாக்கியம், வீட்டுக்கு வா. நான் தருகிறேன்" என்றேன்.

"அதெல்லாம் வேணாங்க. எங்களுக்கு என்ன கொறச்சல்?"

இது நேற்று. இன்றைக்குக் காலையில் கூடத்தைத் திறக்க நான் போனபோது அவள் வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு பால்மாவு டப்பா, மேலே துணி போட்டு மூடியிருந்தது. "இத்தனை நாள் கூட்டிக்கிட்டுப் போனதுக்குத் திருப்பித் தர்றேங்க. மனசுக்கு உறுத்துது" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியிடம் சொல்லிப் பழகின வார்த்தைகள்தான், தடங்கல் இல்லாமல் வந்தன. அவள் கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனாள். துணியை எடுத்தாள். மூட்டையின் வாயைத் திறந்து ஒரு பிடி அரிசியைப் போட்டாள்.